கில்ட்டுக்கு எந்தக் காலுறை? திருமணம், பர்ன்ஸ் விருந்து, பிரேமர் விழா

ஸ்டர்லிங்_அப்பா:

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகளாக ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்கில் வசிக்கிறோம். வரும் அக்டோபரில் என்னோடு பணிபுரியும் நண்பரின் மகளுக்குத் திருமணம். நானும் என் மகனும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும், முழங்கால் வரை வரும் மடிப்புப் பாவாடை) அணிந்துதான் வர வேண்டும் என்று அவர் உரிமையோடு கேட்டிருக்கிறார். இதற்கு முன் இரண்டு முறை வாடகைக்கு எடுத்து அணிந்திருக்கிறேன். இம்முறை சொந்தமாகவே இருக்கட்டும் என்று, முன்பு ஒருவர் பயன்படுத்திய பிளாக் வாட்ச் டார்ட்டனில், அதாவது அந்தப் பெயர் கொண்ட கட்டம்போட்ட துணியில், தைத்த கில்ட் ஒன்றை வாங்கிவிட்டேன். கருநீலம், கரும்பச்சை, கறுப்பு ஆகிய மூன்றும் கலந்த நல்ல கனமான கம்பளி. ஸ்காட்லாந்துக் குலப் பெயர் இல்லாதவர்களும் தயக்கமின்றி அணியக்கூடிய டார்ட்டன் என்று கடைக்காரர் சொன்னதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறத்தில் ட்வீட் என்னும் முரட்டுக் கம்பளி ஜாக்கெட் ஒன்றும், ஆர்கைல் என்னும் வெட்டில் தைத்த கறுப்பு ஜாக்கெட் ஒன்றும் இருக்கின்றன.

குழப்பம் காலுறையில்தான். வாடகைக்கு எடுத்தபோதெல்லாம் பாலாடை நிறத்தில் தடித்த காலுறையைக் கொடுத்தார்கள், அணிந்துகொண்டேன். சென்ற முறை ஒரு திருமணத்தில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். என் கால்களைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை வெள்ளையை விட்டுவிட்டு ஏதாவது நிறத்தில் அணியுங்கள் என்று மிகவும் கனிவாகச் சொன்னார். ஏன் என்று கேட்பதற்குள் நடனத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

மூன்று நிகழ்ச்சிகள் வரவிருக்கின்றன. அக்டோபர் திருமணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தேவாலயச் சடங்கு, இரவில் விருந்தும் கேலி (ceilidh) எனப்படும் ஸ்காட்டியக் கூட்டு நடனமும். ஜனவரி 25 அன்று, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளில், மருத்துவமனை நண்பர்கள் நடத்தும் பர்ன்ஸ் விருந்து. அதற்கு மாலை நேர முழு உடை. அடுத்த செப்டம்பரில் பிரேமர் ஊரில் நடக்கும் ஸ்காட்டிய விளையாட்டு விழாவைப் பார்க்கப் போகிறோம். மூன்றுக்கும் ஒரே காலுறை போதுமா, தனித்தனியாக வேண்டுமா? நிறத்தை எதை வைத்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையதுணி:

வணக்கம் ஐயா. எடின்பரோவில் இருக்கிறேன், இருபது ஆண்டுகளாக ஸ்காட்லாந்தின் பழைய மலைநாட்டு (ஹைலண்ட்) உடைகளைப் பார்த்தும் படித்தும் வருகிறேன். நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நேரத்தையும் ஜாக்கெட்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பகலில் ட்வீட் ஜாக்கெட்டோடு அணிவது ஒற்றை நிறக் காலுறை. மாலையில் பிரின்ஸ் சார்லி கோட்டோ டப்ளட்டோ (இரண்டும் மாலை விருந்துக்குரிய மேலங்கிகள்) அணிந்தால் இரு நிறத்தில் கட்டமிட்ட காலுறை அல்லது டார்ட்டன் காலுறை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தொடக்கத்தில் மலைநாட்டுக் காலுறை பின்னப்பட்டதே அன்று. நெய்த டார்ட்டன் துணியை வெட்டி, கெண்டைக்காலுக்குப் பின்புறம் தைத்து அணிந்தார்கள். நேர் வாக்கில் வெட்டிய துணி காலோடு ஒட்டி வளைந்து கொடுக்காது என்பதால் துணியைக் குறுக்காகச் சாய்த்து வெட்டினார்கள். அப்படி வெட்டும்போது சதுரக் கட்டங்கள் காலின் மேல் சாய்சதுரங்களாகத் தெரியும். பின்னாளில் ஊசியால் பின்னத் தொடங்கியவர்கள் அந்தச் சாய்சதுரத்தையே நூலில் கொண்டுவந்தார்கள். இன்று உலகமெங்கும் அலுவலகக் காலுறைகளில் காணும் ஆர்கைல் கோலம், ஆர்கைல் பகுதியின் கேம்பெல் குலத்து டார்ட்டனோடு தொடர்புபடுத்தப்படுவது இந்த வழியில்தான்.

1746இல் வந்த சட்டம் ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவரும் மலைநாட்டு உடையை அணிவதைத் தடை செய்தது; 1782இல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட 36 ஆண்டுகளில் படையணிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. எனவே கட்டமிட்ட காலுறை படைவீரர்களின் கால்களில் தொடர்ந்து உயிரோடு இருந்தது. விக்டோரியா அரசி கென்னத் மக்லே என்னும் ஓவியரைக் கொண்டு மலைநாட்டவரை வரையச் செய்தார். அவை 1870இல் அச்சில் வந்தன. அந்த ஓவியங்களைப் பொறுமையாகப் பாருங்கள்: ஒருவர் பின் ஒருவராகக் கட்டமோ டார்ட்டனோ அணிந்து நிற்பார்கள். இன்று நாம் காணும் பாலாடை நிறத்தை அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பெரியவர் சொன்னதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

வாடகைநாள்கள்:

பழையதுணி அவர்கள் சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் பாலாடை நிறக் காலுறையைப் பிழை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மாணவனாக இருந்த காலத்தில் மூன்று கோடைகள் கில்ட் வாடகைக் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமைக்கு முப்பது பேருக்கு உடை அனுப்ப வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு டார்ட்டன்கள், பாத அளவுகள் வேறு. ஒவ்வொரு டார்ட்டனுக்கும் தனி நிறக் காலுறை வைத்திருந்தால் கடை நடத்த முடியாது. எந்த டார்ட்டனோடும் மோதாத ஒரே நிறம் என்பதால்தான் பாலாடை நிறம் அங்கே நிலைத்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இது பரவலாகி, இன்று மணமகனும் தோழர்களும் வெவ்வேறு டார்ட்டன் அணிந்து புகைப்படத்துக்கு நிற்கும்போது அவர்களை ஒன்றுபோலக் காட்டுவதே அந்தக் காலுறைதான். மணமக்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். அவர்களுடைய நாளில் அவர்கள் விருப்பத்தை மதிப்பதும் மரபுதானே?

ஸ்டர்லிங் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: மணமகன் தரப்பில் எல்லோருக்கும் ஒரே வகைக் காலுறை என்று முடிவு செய்திருக்கிறார்களா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள்.

பழையதுணி:

அந்த வேண்டுகோளை நானும் வழிமொழிகிறேன். மணமகன் தோழராக நிற்பவர் கூட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஐயா விருந்தினராகப் போகிறார். சொந்தக் கில்ட் வைத்திருக்கும் விருந்தினர், கடையின் வசதிக்காகப் பிறந்த நிறத்தைத் தம் விருப்பம்போல் ஏற்க வேண்டிய தேவை இல்லை. கரிய டார்ட்டனுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தவரை எதிரில் இருந்து பாருங்கள். கண் முதலில் கெண்டைக்காலுக்குப் போகும், அதன் பிறகே முகத்துக்கு வரும். பிளாக் வாட்ச் போன்ற ஆழ்ந்த நிறத் துணிக்கு இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

குழலோசை:

கிளாஸ்கோவில் ஒரு பேக்பைப் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக வாசிக்கிறேன். எங்கள் குழுவில் வெள்ளைக் காலுறைதான். போட்டி நாளில் நாற்பது கால்கள் ஒரே அடியில் எழுந்து விழுவதை வெள்ளை தெளிவாகக் காட்டும். சீருடையில் அது அழகு. தனி மனிதர் திருமணத்துக்குப் போகும்போது அதே தோற்றம் குழுவிலிருந்து பிரிந்து வந்தவர் போலக் காட்டிவிடுகிறது. எனவே என் சொந்தக் கில்ட்டுக்கு நான் வெள்ளை அணிவதில்லை.

நிறத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். பொருத்தத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எவ்வளவு நல்ல நிறமாக இருந்தாலும் காலுறை சரிந்து கிடந்தால் உடை முழுவதும் களைத்துத் தெரியும். மேல் மடிப்பின் விளிம்பு முழங்கால் சில்லுக்குக் கீழே மூன்று விரல் அகலம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். கில்ட்டின் கீழ் விளிம்பு முழங்காலைத் தொட்டு நிற்கும். அதற்கும் காலுறைக்கும் நடுவே முழங்கால் தெளிவாகத் தெரிய வேண்டும். மடிப்புக்கு உள்ளே, காலுறை சரியாமல் பிடிக்கும் கார்ட்டர் பட்டை ஒளிந்திருக்கும். அதிலிருந்து தொங்கும் ஃபிளாஷ் நாடாக்கள் மடிப்புக்குக் கீழே ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் தெரிந்தால் போதும். அவை காலின் வெளிப்பக்கத்தில், சற்றே முன்புறமாக இருக்கட்டும். பலர் நேர் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள்; அது நன்றாக இல்லை.

நாக்கு இல்லாத கில்லி புரோக் காலணி அணிவதாக இருந்தால் பாதத்தின் மேல் பகுதியிலும் காலுறை தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் நீண்ட கயிற்றைக் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றி முடிந்துவிட வேண்டும். கெண்டைக்கால் பாதி வரை ஏற்றிக் கட்டினால் காலுறையின் பின்னல் நசுங்கிப்போகும். மேலும், தடித்த காலுறைக்குக் காலணி அரை அளவு பெரிதாக இருப்பது நல்லது. காலணி வாங்கப் போகும்போது காலுறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நூற்கண்டு:

அபர்டீனுக்கு அருகில் இருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் பின்னல் கற்றேன். இதுவரை பதினான்கு சோடி கில்ட் காலுறை பின்னியிருக்கிறேன். நிறத் தேர்வை நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். பட்டுப் புடவைக்கு ரவிக்கை எப்படி எடுப்போம்? உடல் நிறத்திலேயே எடுக்கலாம், கரை நிறத்தில் எடுக்கலாம், அல்லது நெசவில் ஓரிரு இழையாக மட்டும் ஓடும் நிறத்தைப் பிடித்து எடுக்கலாம். டார்ட்டனுக்கும் அதே கண்தான் வேண்டும். கார்டன் டார்ட்டனில் மெல்லிய மஞ்சள் கோடு ஓடும். அந்த மஞ்சளிலேயே காலுறை அணிந்தால் கூச்சலிடும், ஆனால் அதையே சற்று மங்கலாக்கிக் கடுகு நிறத்தில் அணிந்தால் ட்வீட் ஜாக்கெட்டோடு மிகவும் இனிமையாக இருக்கும்.

ஒரே டார்ட்டன் வெவ்வேறு சாயச் சாயலில் வருவதையும் கவனியுங்கள். மாடர்ன் என்றால் அடர்ந்த நிறம், ஏன்ஷியன்ட் என்றால் வெளிறிய நிறம், வெதர்டு என்றால் வெயிலில் கிடந்தது போன்ற பழுப்பும் சாம்பலும். பெயர்கள் துணியின் வயதைக் குறிப்பதில்லை, சாயத்தின் சாயலை மட்டுமே குறிக்கின்றன. அடர்ந்த கில்ட்டுக்கு வெளிறிய பச்சைக் காலுறை அணிந்தால், இரண்டும் பச்சைதான் என்றாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. எனவே கணினித் திரையில் பார்த்து வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் கில்ட்டின் மேல் நூலை வைத்துப் பாருங்கள்.

உங்கள் பிளாக் வாட்சில் தனித்துத் தெரியும் கோடு எதுவும் இல்லை. அதனால் வழி இரண்டு: உள்ளிருக்கும் நிறத்தோடு அமைதியாகப் போவது, அல்லது வெளியிலிருந்து ஒரு நிறத்தை அழைத்து வருவது. அமைதி வேண்டுமென்றால் பாட்டில் பச்சை அல்லது கருநீலம். வெளியிலிருந்து என்றால் கருஞ்சிவப்பான கிளாரட். நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் போன்ற லோவட் பச்சை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஒரே ஒரு சோடிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் எப்போதும் அதையே சொல்வேன்.

கடைகளில் யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்குள்ள வழிகாட்டிக் குறிப்புகள் வெளிறிய கால்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் மாநிற முழங்காலுக்குக் கீழே பழுப்பு அல்லது மணல் நிறக் காலுறை வந்தால், தோலும் கம்பளியும் தொலைவிலிருந்து ஒன்றாகிவிடுகின்றன. மடிப்பின் விளிம்பே தெரிவதில்லை. என் கணவருக்கு முதலில் பின்னியது மணல் நிறம்; அழகான நூல், ஆனால் புகைப்படத்தில் காலுறையே இல்லாதது போல இருந்தது. பாசிப் பச்சையும் கிளாரட்டும் சாம்பல் கலந்த நீலமும் நம் கால்களுக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன.

ஸ்டர்லிங்_அப்பா:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. மணமகன் தரப்பில் விசாரித்தேன். தோழர்கள் ஐவர் மட்டுமே பாலாடை நிறம், விருந்தினர் விருப்பம்போல் வரலாம் என்றார்கள். நூற்கண்டு அக்கா சொன்னபடி கம்பளிக் கடையில் நான்கு நிற நூல்களை எடுத்துச் சன்னல் ஓரத்தில் கில்ட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் கருநீலமாகத் தெரிந்த ஒன்று வெளியில் ஊதாவாக இருந்தது. பாட்டில் பச்சை கில்ட்டோடு முழுவதுமாகக் கரைந்துவிட்டது. லோவட் பச்சையும் கிளாரட்டும் மிகவும் பிடித்திருக்கின்றன.

இன்னும் மூன்று ஐயங்கள். ஒன்று, பர்ன்ஸ் விருந்துக்குக் கட்டமிட்ட காலுறை என்றால் எந்த நிறக் கட்டம்? இரண்டு, கம்பளி பட்டால் எனக்குத் தோல் அரிக்கும், என்ன செய்வது? மூன்று, என் மகனுக்கு வயது பதினான்கு. வாடகை உடைதான் எடுக்கிறோம். அவனுக்கு மட்டும் தனிக் காலுறை வாங்குவது வீண் செலவா?

பழையதுணி:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கட்டமிட்ட காலுறையில் எல்லோரும் முதலில் தேடுவது சிவப்பும் கறுப்பும் கலந்தது, அல்லது சிவப்பும் வெள்ளையும் கலந்தது. இவை இரண்டும் படையணிகளோடு நெடுங்காலம் இணைந்தவை. பிளாக் வாட்ச் படையணி அணிந்தது சிவப்பு கறுப்புக் கட்டம். ஆர்கைல் சதர்லாந்து படையணி சிவப்பு வெள்ளைக் கட்டம். கேமரன் படையணி சிவப்பு பச்சைக் கட்டம். நீங்கள் அணிவதும் பிளாக் வாட்ச் டார்ட்டன் என்பதால் சிவப்பு கறுப்புக் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டால், அந்தப் படையில் பணியாற்றியவரோ என்று விருந்தில் யாராவது அன்போடு வந்து விசாரிப்பார். சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஆயினும் அந்த அடையாளத்தை உழைத்துப் பெற்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே பச்சை கறுப்பு அல்லது நீலம் பச்சைக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நாகரிகம் என்று கருதுகிறேன். கில்ட்டின் நிறங்களிலேயே ஆர்கைல் கோலத்தில் கிடைத்தால் மாலை உடைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை.

கட்டமிட்ட காலுறை விலை கூடுதல் என்பதால் இந்த ஆண்டு முடியாது என்றால் கவலை வேண்டாம். கருநீலத்தில், நெடுக வரியோடும் மெல்லிய ரிப் பின்னல் காலுறையை, கறுப்பு ஆர்கைல் ஜாக்கெட்டோடும் கறுப்புக் காலணியோடும் அணியுங்கள். கயிறு முறுக்கியது போன்ற தடித்த கேபிள் பின்னலை மட்டும் மாலை உடையோடு சேர்க்காதீர்கள். அது ட்வீட்டுக்கும் மலைப்பாதைக்கும் உரியது.

குழலோசை:

அரிப்புக்கு நான் கண்ட வழி: மென்மையான மெரினோ கம்பளிக் காலுறை, அதற்குள்ளே மெல்லிய பருத்திக் காலுறை. உள்ளுறை மடிப்புக்குக் கீழேயே முடிந்துவிட வேண்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கேலி நடனத்தில் இரண்டு மணி நேரம் குதித்தாலும் தொல்லை இல்லை.

மகனுக்குக் காலுறை வாங்குவது வீண் செலவு அன்று. வாடகை உடையில் மாற்ற முடிவது அது ஒன்றுதான். நல்ல காலுறையும் பொருத்தமான ஃபிளாஷும் இருந்தால் அந்த உடை அவனுக்கே தைத்தது போல ஆகிவிடும். ஃபிளாஷ் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: காலுறை அமைதியான நிறமாக இருந்தால் ஃபிளாஷில் சற்றுத் துணியலாம், லோவட் பச்சைக்குக் கிளாரட் ஃபிளாஷ் நன்றாக இருக்கும். காலுறையே கட்டமிட்டதாக இருந்தால் ஃபிளாஷ் ஒற்றை நிறமாக அடங்கி நிற்கட்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் ஸ்கியன் டூ என்னும் சிறு கத்தியை வலக்கால் காலுறையில் வெளிப்பக்கமாகச் செருகுவது வழக்கம்; கைப்பிடியின் மேல்பகுதி மட்டும் தெரிந்தால் போதும். பதினான்கு வயது மகனுக்குக் கத்தி வேண்டாம். அலகு இல்லாமல் கைப்பிடி மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

டண்டீ_மாணவர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஆய்வு வழிகாட்டியின் தந்தை காலமாகிவிட்டார். வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கு. கில்ட் அணிவதாக இருக்கிறேன். என்னிடம் பாலாடை நிறக் காலுறை மட்டுமே இருக்கிறது.

பழையதுணி:

வருந்துகிறேன் தம்பி. கரிச்சாம்பல் அல்லது கருநீலம், கோலம் எதுவும் இல்லாமல். ஃபிளாஷும் கருநிறமாக இருக்கட்டும். அங்கே டண்டீயிலேயே கடைகளில் கிடைக்கும்; நாளையே வாங்கிவிடுங்கள்.

ஸ்டர்லிங்_அப்பா:

திருமணம் நேற்று முன்தினம் நல்லபடியாக முடிந்தது. நான் சாம்பல் ட்வீட் ஜாக்கெட்டுக்கு லோவட் பச்சைக் காலுறையும் கிளாரட் ஃபிளாஷும் அணிந்தேன். மகன் கிளாரட் காலுறைதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி அணிந்துகொண்டான். அவனுடைய வாடகை டார்ட்டனில் ஓடிய சிவப்பு இழைக்கு அது மிகவும் பொருந்தியது. முன்பு என் அருகில் அமர்ந்திருந்த அதே பெரியவரும் வந்திருந்தார். அவர் அணிந்திருந்தது அவருடைய மனைவி 1970களில் பின்னிய பாசிப் பச்சைக் காலுறை. குதிகாலில் இரண்டு முறை தைத்துச் சரிசெய்த தடம் இருந்தது. ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது பர்ன்ஸ் விருந்துக்குக் கடைக் காலுறை அல்லாமல் கையால் பின்னிய காலுறையே வேண்டும் என்று தோன்றிவிட்டது. நூற்கண்டு அக்கா, பச்சை கறுப்பில் ஆர்கைல் கோலத்தில் ஒரு சோடி பின்னித் தர இயலுமா? நூலும் கூலியும் என் பொறுப்பு. துவைக்கும் முறையையும் சொல்லுங்கள். லோவட் காலுறையை இன்னும் துவைக்கத் துணியவில்லை.

நூற்கண்டு:

மகிழ்ச்சியோடு பின்னித் தருகிறேன். முதலில் துவைப்பது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காலுறை சுருங்கித் தடித்துவிடும். எனவே கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் கம்பளிக்குரிய சோப்பைக் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கசக்காமல் அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். பிறகு தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையால் நீண்டுவிடும்.

ஆர்கைல் கோலம் ஒற்றை நிறக் காலுறை போல வட்டமாகப் பின்னுவது அன்று. ஒவ்வொரு சாய்சதுரத்துக்கும் தனி நூற்சுருள் வைத்து, தட்டையாகப் பின்னி, கடைசியில் பின்புறம் தைக்க வேண்டும். அந்தத் தையல் கோடு கெண்டைக்காலின் நடுவில் நேராக விழ வேண்டும் என்பதால் அளவு துல்லியமாகத் தேவை. மாலையில், நாள் முழுதும் நின்று நடந்த பிறகு அளந்து அனுப்புங்கள்: முழங்காலுக்குக் கீழே மடிப்பு நிற்கும் இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தின் சுற்றளவு, கணுக்காலின் சுற்றளவு, பாதத்தின் நீளம், தரையிலிருந்து மடிப்பின் மேல் விளிம்பு வரை உயரம். இரண்டு கால்களையும் தனித்தனியாக அளவிடுங்கள். பலருக்கு ஒரு கெண்டைக்கால் சற்றுப் பெரிதாக இருக்கும்.

ஒற்றை நிறத்தில் கேபிள் பின்னல் என்றால் எனக்கு ஐந்து வாரம் ஆகும். இது கோலம் என்பதால் ஒன்பது வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 25க்குள் அவசரமின்றி முடிய வேண்டுமானால் இந்த வாரக் கடைசிக்குள் நூல் என் கைக்கு வர வேண்டும். பச்சையில் மூன்று உருண்டையும் கறுப்பில் இரண்டும் போதும். வாங்கும்போது ஒவ்வொரு நிறத்திலும் எல்லா உருண்டைகளின் சீட்டிலும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். வெவ்வேறு தொகுதியாக இருந்தால் கடையில் தெரியாத வேறுபாடு காலில் போட்டதும் தெரிந்துவிடும்.